காரில் குளிர் வந்த கதையும் கேஸ் போன கதையும்



செப்டம்பர் 16 ஓசோன் தினம். பள்ளிகளில் வழக்கம்போல ஓவியப் போட்டி நடந்திருக்கும். பிள்ளைகள் பூமிப் பந்துக்கு ஒரு குடை பிடித்து வரைந்திருப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் ஆசிரியராக இருந்த நானும் அந்த ஓவியங்களுக்கு மதிப்பெண் போட்டவன்தான். அந்தக் குடையில் ஓட்டை விழுந்த கதையில் ஒரு கார் பெல்ட்டும், ஒரு ரப்பர் ஹோஸும், அவசர அவசரமாக ரிப்பேர் செய்த பட்டறைகளும் இருக்கின்றன. அதை வகுப்பில் சொல்ல நேரம் கிடைத்ததில்லை, பாடப் புத்தகத்திலும் இல்லை. இன்று இங்கே சொல்கிறேன். பதிவு நீளம்தான். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். (பெயர் போட வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டான்.) அங்கே 1950, 60-களின் கார்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வெறி உண்டு. திருகாணி முதல் தரை விரிப்பு வரை எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும். பெயின்ட், சீட் துணி எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்துவிடுகிறார்களாம். ஏசி பழுது பார்க்கும்போது மட்டும் ஒரு சிக்கல். அந்த ஏசி எந்த கேஸை வைத்து ஓட வடிவமைக்கப்பட்டதோ, அந்த கேஸை இன்று அங்கே புதிதாகத் தயாரிப்பதே சட்டப்படி தடை. "அப்போ எது சார் ஒரிஜினல்?" என்று கேட்டான்.

கேள்வி சின்னது. ஆனால் பதில் சொல்ல 1928-க்குப் போக வேண்டும்.

முதலில் கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், தேர்வு கிடையாது.

ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, ஏன்? ஸ்பிரிட் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். ஏசியில் நடப்பதும் இதுவே. ஒரே ஒரு வித்தியாசம், ஆவியான பொருளைக் காற்றில் விட்டுவிடாமல் பிடித்துத் திரும்பவும் திரவமாக்கி மறுபடி பயன்படுத்துகிறோம்.

காரில் இதற்கு நான்கு முக்கியப் பாகங்கள். கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் தள்ளி, கேஸைத் திரவமாக்குகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு என்கிற சிறு துவாரம் வழியாகத் திரவம் பீறிட்டு வந்து, மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்லும் பாகத்துக்குள் கொதித்து ஆவியாகிறது. அந்தக் காயில் மேல் ஊதப்படும் காற்றுதான் நம் முகத்தில் படுவது. ஆவி மறுபடி கம்ப்ரஸருக்குப் போகிறது. சுற்றிச் சுற்றி ஒரே கேஸ்தான்.

இதில் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தச் சுற்றில் எதுவும் செலவாவதில்லை. பெட்ரோல் எரிந்து தீர்கிறது. ஏசி கேஸ் தீர்வதே இல்லை. குறைந்தால், அது எங்கோ வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பதிவில் மற்ற எல்லாம் மறந்தாலும் இது ஒன்று மறக்க வேண்டாம்.

இனி கதை.

1920-களில் வீட்டு ஃபிரிட்ஜில் அமோனியா, சல்ஃபர் டையாக்ஸைடு, மெத்தில் குளோரைடு போன்றவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். எல்லாமே விஷம். இரவில் குழாய் கசிந்தால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பெர்லினில் ஒரு குடும்பமே அப்படி இறந்துபோன செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து கசியாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைக்க இறங்கினார்கள் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. அவர்கள் கசிவை நிறுத்தப் பார்த்தார்கள். அமெரிக்காவில் வேறு வழி பார்த்தார்கள். கசிந்தாலும் ஆளைக் கொல்லாத கேஸ் ஒன்றைத் தேடினார்கள்.

தேடியவர் தாமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர். பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டுபிடித்ததும் இவரேதான். 1928-ல் இவரும் இவருடைய கூட்டாளி ஆல்பர்ட் ஹென்னும் கண்ட பொருள் டைகுளோரோ டைஃப்ளூரோ மீத்தேன். நான் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு கார்பன், இரண்டு குளோரின், இரண்டு ஃப்ளூரின், அவ்வளவுதான். நாற்றம் இல்லை, தீப்பற்றாது, விஷமில்லை, மைனஸ் 30 டிகிரி வாக்கில் கொதிக்கும். 1930-ல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த கேஸை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். ஒரே மூச்சில் இரண்டு நிரூபணம்: விஷமில்லை, எரியாது. வியாபாரப் பெயர் ஃபிரியான். பிற்பாடு மெக்கானிக்குகள் வாயில் ஆர்-12.

இந்த கேஸ் வந்த பிறகுதான் மனிதர்கள் உட்காரும் ஒரு சின்ன மூடிய பெட்டிக்குள், அதாவது காருக்குள், குளிர்ப்பெட்டி வைக்கிற தைரியம் வந்தது.

1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் பேக்கார்டு கம்பெனி, 1940 மாடலுக்கு ஏசி வைத்துத் தருவதாக அறிவித்தது. செய்து கொடுத்தது கிளீவ்லாந்தின் பிஷப் அண்ட் பாப்காக் நிறுவனம். விலை 274 டாலர். அன்றைக்குச் சாதாரணப் புதுக் காரே எழுநூறு, எண்ணூறு டாலருக்குக் கிடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூலிங் காயில் பின் சீட்டுக்குப் பின்னால் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸர் முன்னால் இன்ஜினோடு. இரண்டுக்கும் நடுவே காரின் முழு நீளத்துக்கும் குழாய். குளிரைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, காற்றாடி வேகத்தை மட்டும் மாற்றலாம். கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். குளிர்காலம் வந்தால் ஏசியை நிறுத்த என்ன செய்வது? இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

1941-ல் கேடிலாக் சுமார் 300 கார்களில் ஏசி வைத்துப் பார்த்தது. பிறகு போர். எல்லாம் நின்றது.

1953-ல் மறுபடி ஆரம்பம். கிரைஸ்லர் தன் ஏர்டெம்ப் ஏசியோடு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஃபிரிஜிடேர் ஏசி வந்தது. இவையும் டிக்கி ஏசிகளே. அடுத்த வருடம், 1954-ல், நாஷ் கம்பெனி எல்லாவற்றையும் முன்பக்கமே அடக்கி, ஹீட்டரையும் ஏசியையும் ஒன்றாக்கி, 345 டாலருக்குக் கொடுத்தது. இன்று நம் காரில் இருக்கும் அமைப்பின் மூதாதை அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நாஷ் கம்பெனியின் முழுப் பெயர் நாஷ்-கெல்வினேட்டர். ஆமாம், நம் ஊரிலும் பெயர் பெற்ற அதே ஃபிரிட்ஜ் கெல்வினேட்டர்தான். ஃபிரிஜிடேரும் ஃபிரிட்ஜ் கம்பெனி. ஆக, வீட்டில் ஃபிரிட்ஜ் செய்தவர்களே காருக்கும் குளிர் கொண்டுவந்தார்கள். ஆனால் ஃபிரிட்ஜில் இருந்த ஒரு பெரிய நன்மையை அவர்களால் காருக்குக் கொண்டுவர முடியவில்லை.

அது என்ன? உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்னால் கறுப்பாக ஒரு இரும்புக் குடம் இருக்கும். மோட்டாரும் கம்ப்ரஸரும் இரண்டுமே அதற்குள்ளே. குடத்தைச் சுற்றிலும் வெல்டிங் செய்து மூடிவிடுவார்கள். வெளியே வருவது மின்கம்பியும் செம்புக் குழாயும் மட்டும். அதனால்தான் இருபது வருடம் கேஸ் போடாமல் ஓடுகிறது. காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின். பெல்ட் மாட்ட வேண்டும் என்றால் சுழலும் தண்டு ஒன்று கம்ப்ரஸரின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தே ஆக வேண்டும். உள்ளே அழுத்தமான கேஸ், வெளியே காற்று, நடுவில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் தண்டு. அதை அடைத்துப் பிடிப்பது ஷாஃப்ட் சீல் என்கிற சின்ன வளையம். அதோடு இன்ஜின் ஆடும், காரின் உடம்பு ஆடாது. ஆகவே முழுக்கச் செம்புக் குழாய் போட முடியாது, ரப்பர் ஹோஸ் வேண்டும். பார்வைக்கு ரப்பர் திடமாக இருக்கலாம். கேஸ் மூலக்கூறு அதன் வழியே மெல்ல மெல்ல ஊடுருவிப் போகும்.

அதாவது, கார் ஏசி பிறக்கும்போதே கசிவோடு பிறந்தது. யாரும் ஏமாற்றவில்லை. அந்த வடிவத்தின் இயல்பு அப்படி.

1962-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த ஏ-6 என்ற கம்ப்ரஸரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கார்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள் என்கிறான் என் மாணவன். உருளை வடிவம், எடை பதினாறு கிலோ அளவில். உள்ளே மூன்று பிஸ்டன், ஒவ்வொன்றும் இரு முனையிலும் வேலை செய்யும், ஆக ஆறு சிலிண்டர் கணக்கு. சாய்ந்த தட்டு ஒன்று சுற்றிச் சுற்றி அவற்றை முன்னும் பின்னும் தள்ளும். உறுதியான சாமான். பதினைந்து வருடம் போல லட்சக்கணக்கான கார்களில் போட்டார்கள். ஆனால் கார் மாதக்கணக்கில் நின்றுவிட்டால் ஷாஃப்ட் சீலில் எண்ணெய் வற்றி, அந்த வழியாக கேஸ் போய்விடும். அந்த மாதிரிப் பெரிய கார்களில் மூன்று, நான்கு ராத்தல் கேஸ் பிடிக்கும். இன்றைய சின்னக் காரில் அரை கிலோ பிடித்தால் அதிகம்.

1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசி. எல்லாவற்றிலும் ஆர்-12. எல்லாவற்றிலும் ஒரு ஷாஃப்ட் சீல், இரண்டு மூன்று ரப்பர் ஹோஸ்.

அப்போது ரிப்பேர் எப்படி நடந்தது? கோடை தொடங்கும். ஏசி குளிரவில்லை என்று கார் பட்டறைக்கு வரும். மெக்கானிக் கேஸ் அடிப்பார். குளிரும். காசு வாங்கிக்கொண்டு அனுப்புவார். அடுத்த கோடையில் அதே கார் திரும்ப வரும். பட்டறைக்குக்கூடப் போக வேண்டாம், சாமான் கடையில் சின்னச் சின்ன டின்களில் ஆர்-12 விற்றார்கள். வீட்டு வாசலிலேயே அடித்துக்கொள்ளலாம். ஏதாவது பாகம் மாற்ற வேண்டுமா? வால்வைத் திறந்து உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். விஷமில்லை, எரியாது, விலையும் மலிவு. பின் எதற்காகக் கவலைப்பட வேண்டும்?

அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த கேஸின் பெருமையே, கசிந்தாலும் பரவாயில்லை என்பதுதானே! ஓட்டையை அடைப்பதற்கு அரை நாள் வேலை, கேஸ் அடிப்பதற்கு அரை மணி. எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன கேஸ் எங்கே போனது?

1971-ல் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, தாமே செய்த நுட்பமான கருவி ஒன்றோடு ஷாக்கிள்டன் என்ற கப்பலில் அண்டார்டிகா வரை போனார். வழியெல்லாம் கடல் காற்றை அளந்தார். ஆர்-12-ன் உடன்பிறப்பான ஆர்-11, மனிதரே இல்லாத நடுக்கடலிலும் இருந்தது. அதாவது விட்டது எதுவும் அழியவில்லை.

அழியாத பொருள் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷெர்வுட் ரோலண்டும் மெக்ஸிகோவிலிருந்து வந்த மரியோ மொலினாவும். 1974-ல் விடை சொன்னார்கள். இந்த கேஸ் கீழே எதோடும் சேராது, மழையில் கரையாது. மெல்ல மேலே ஏறும். மேலே, சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் உடைந்து குளோரின் அணு பிரியும். அந்த ஒரு குளோரின் அணு தான் அழியாமலே ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக, லட்சம் வரைகூட உடைக்கும். வினையூக்கி என்று பாடத்தில் படித்தோமே, அதேதான். மிட்ஜ்லி எந்தக் குணத்துக்காக இந்த கேஸைத் தேர்ந்தாரோ, அந்த நிலைத்தன்மைதான் அதை அவ்வளவு உயரம் கொண்டுபோனது. அவர் இதை அறியவில்லை. 1944-லேயே இறந்துவிட்டார்.

1985-ல் ஜோசப் ஃபார்மனும் அவருடைய இரண்டு சகாக்களும், அண்டார்டிகாவின் ஹேலி ஆய்வு நிலையத்தில் வருடக்கணக்காக எடுத்த அளவீடுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே ஓசோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. உலகம் பயந்தது. இரண்டே வருடத்தில், 1987 செப்டம்பர் 16, மான்ட்ரியல் ஒப்பந்தம். நம் ஓவியப் போட்டியின் தேதி இதுதான். 1995-ல் மொலினா, ரோலண்ட், அவர்களோடு பால் குருட்சென், மூவருக்கும் வேதியியல் நோபல்.

அதே 1995 முடிவோடு அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே, 1992 ஜூலை முதல், கேஸைக் காற்றில் திறந்துவிடுவது குற்றமாகியிருந்தது. புதுக் கார்கள் 1994 மாடலுக்குள் ஆர்-134ஏ என்ற குளோரின் இல்லாத கேஸுக்கு மாறிவிட்டன. ஆனால் சாலையில் ஓடிய கோடிக்கணக்கான பழைய கார்களுக்கு ஆர்-12 வேண்டுமே! விலை ஏறியது. வெளிநாட்டிலிருந்து கடத்தல் தொடங்கியது. மயாமி துறைமுகத்தில் போதைப்பொருளுக்கு அடுத்த பெரிய கடத்தல் சரக்கு இதுதான் என்று பேசும் அளவுக்குப் போனது. நம் இந்தியா 1992-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. வளரும் நாடுகளுக்குக் கெடு 2010 வரை இருந்தும், 2008 ஆகஸ்ட்டிலேயே இந்த வகை கேஸ்களின் பொது உற்பத்தியை நிறுத்திவிட்டோம். பெருமைப்படலாம்.

இப்போது என் மாணவனின் பட்டறைக்கு வருவோம். 1960-களின் ஒரு பெரிய கார், பழைய ஏசி அப்படியே இருக்கிறது, ஓடவில்லை. என்ன செய்வாய் என்று கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டுச் சொன்னான்.

"முதல்ல கேஸ் இருக்கான்னு பார்க்கணும் சார். இருந்தா மெஷின் வச்சு சிலிண்டர்ல பிடிச்சு வைக்கணும். வெளிய விடக்கூடாது. இதுக்கு லைசென்ஸ் மாதிரி ஒரு சர்டிபிகேட் இருக்கணும்."

அடுத்து, உலர்ந்த நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பானாம். நுரை வரும் இடமெல்லாம் ஓட்டை. பழைய காலத்தில் கேஸ் விளக்கு மாதிரி ஒரு டார்ச் இருந்தது, ஆர்-12 கசிந்தால் சுடர் பச்சையாகும். ஆனால் நெருப்பில் பட்ட ஆர்-12 ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷத்தை உண்டாக்கும் என்பதால் இப்போது அதைத் தொடுவதில்லை.

பிறகு எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள். ஏ-6 கம்ப்ரஸரைத் திறந்து, பழைய ஷாஃப்ட் சீலுக்குப் பதில் இரட்டை உதடு வைத்த புது சீல். வெளியே தெரியாது. இணைப்புகளில் ஓ-ரிங் எல்லாம் புதுசு. ஹோஸுக்கு ஒரு தந்திரம்: இரு முனையிலும் இருக்கும் பழைய உலோகத் தலைகளை வைத்துக்கொண்டு, நடுவில் மட்டும் உள்ளே பிளாஸ்டிக் படலம் உள்ள புது ரகக் குழாயைப் போட்டு அழுத்திவிடுவது. கேஸ் அதன் வழியே எளிதில் ஊடுருவாது. டிரையர் என்று ஒரு டப்பா உண்டு, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள். அது பல வருடம் காற்றில் திறந்து கிடந்திருந்தால் வீண். சிலர் பழைய டப்பாவையே அறுத்து, மணிகளை மட்டும் மாற்றி, மறுபடி வெல்டிங் செய்து பெயின்ட் அடிக்கிறார்களாம். அந்த அளவு வெறி!

"அதுக்கப்புறம் வாக்குவம் சார். அதுல அவசரப்பட்டா எல்லாம் போச்சு."

பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்கிறார்கள். அழுத்தம் அவ்வளவு குறைந்தால் சாதாரண வெயிலிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும் என்று நான் பத்தாம் வகுப்பில் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. அதுதான் அங்கே நடக்கிறது. குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரம் கொதித்து வெளியேற வேண்டும். ஒரு துளி தங்கினாலும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், கேஸோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பிறகு பம்பை நிறுத்தி, கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று காத்திருப்பது. முள் ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து.

எந்த கேஸ் போடுவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. இதில் இரண்டு கட்சி.

ஒரு கட்சி, பழைய வண்டிகளிலிருந்து மீட்டுச் சுத்தம் செய்த ஆர்-12-ஐயே போடும். அங்கே சான்றிதழ் உள்ளவர் போட்டால் சட்டப்படி சரி. ஏசி அந்த கேஸுக்காகவே அளந்து செய்தது, நன்றாகக் குளிரும். விலைதான் கடிக்கும், இருப்பும் குறைந்துகொண்டே போகிறது.

இன்னொரு கட்சி ஆர்-134ஏ போடும். கேட்கச் சுலபம், செய்யச் சுலபமில்லை. பழைய ஏசியின் கனிம எண்ணெய் புது கேஸில் கரையாது. கேஸோடு சுற்றிக் கம்ப்ரஸருக்குத் திரும்பாவிட்டால் கம்ப்ரஸர் வறண்டு கெடும். ஆகவே பழைய எண்ணெயை வடித்துக் கழுவி, எஸ்டர் வகை எண்ணெய் ஊற்ற வேண்டும். கூலிங் காயில் உறைந்துபோகாமல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஒரு வால்வு அந்தக் கார்களில் உண்டு. அதைச் சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று ராத்தல் குறைத்து வைக்க வேண்டும், ஏனென்றால் அதே குளிருக்குப் புது கேஸின் அழுத்தம் வேறு. எடையிலும் பழைய அளவில் 80, 90 சதவீதம்தான் போட வேண்டும். வெயிலில் புது கேஸின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதல். பழைய கண்டென்சர் திணறும். டெக்சாஸ் வெயிலில் சிக்னலில் நின்றால் குளிர் குறையும் என்று அவனே ஒத்துக்கொண்டான்.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு. சமையல் கேஸ் வகையறாவைக் கலந்து அடிப்பது. நன்றாகவே குளிரும். ஆனால் கூலிங் காயில் இருப்பது ஆள் உட்காரும் அறைக்குள். அங்கே கசிந்து, எங்கோ ஒரு சுவிட்சில் பொறி பறந்தால்? அமெரிக்க அரசு பழைய கார்களில் அதற்கு அனுமதி தரவில்லை. நம் ஊரிலும் யாராவது மலிவாகச் செய்து தருகிறேன் என்றால் தயவுசெய்து ஓடிவிடுங்கள்.

சரி, எது ஒரிஜினல்? அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்.

கேஸ் எது என்பதை வைத்து ஒரிஜினலா இல்லையா என்று சண்டை போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஏ-6 கம்ப்ரஸரும், அந்த வால்வும், அந்தக் கூலிங் காயிலும் அன்றைய பொறியாளர்களின் மூளை. அவற்றைக் காப்பாற்ற வேண்டும். எடுத்துப் போட்டுவிட்டு இன்றைய சின்னக் கம்ப்ரஸரை மாட்டினால் குளிர் வரும், சரித்திரம் போய்விடும். ஆனால் அன்றைய கசிவும் ஒரிஜினல்தான். அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. உள்ளே மறைவாக ஒரு நல்ல சீல், ஊடுருவ விடாத ஒரு ஹோஸ், இவை இரண்டும் அந்தக் காருக்கு 1967-லேயே கிடைத்திருக்க வேண்டியவை. இன்று ஒருவன் இரண்டு நாள் உட்கார்ந்து சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டை தேடுகிறானே, அந்த வேலையை அன்று எல்லாப் பட்டறைகளிலும் செய்திருந்தால் மேலே போன கேஸ் எவ்வளவோ குறைந்திருக்கும். விலை ஏறிச் சட்டமும் வந்த பிறகுதான் அந்தப் பொறுமை வந்தது. மனித சுபாவம்.

ஆர்-134ஏ நல்லவன் என்றும் நினைக்க வேண்டாம். ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல எடைக்கு எடை ஆயிரத்து முந்நூறு, நானூறு மடங்கு. (ஆர்-12 பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.) அதனால் 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடி, இதையும் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. கேஸின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் சீலும் ஹோஸும் இருக்கும் வரை ஓட்டை தேடும் வேலை மாறாது.

இதில் நமக்கு என்ன? நம்மிடம் 1967 மாடல் இல்லைதான். ஆனால் ஏப்ரல் மாதம் நம் ஊர்ப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் எது? "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சுட்டா சரியாயிடும்." அமெரிக்காவில் அன்று சொன்ன அதே வசனம். கேஸ் தீராது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, இப்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள். "போன வருஷம் போட்ட கேஸ் எங்கப்பா போச்சு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஓட்டையைப் பார்த்து, அடைத்து, வாக்குவம் போட்டு, பிறகு கேஸ் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் செலவு கூடும். அடுத்த ஏப்ரலில் மிச்சமாகும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

கடைசியாக ஒரு கணக்கு. ஆர்-12 காற்றில் தங்கும் சராசரி ஆயுள் சுமார் நூறு வருடம். அப்படியானால் 1967-ல் எங்கோ ஒரு பட்டறையில் அவசரத்துக்கு வால்வைத் திறந்து விட்ட கேஸில் பாதிக்கு மேல் இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. அந்தக் கார் துருப்பிடித்துப் போயிருக்கும், அதை ஓட்டியவரும் போயிருப்பார். அண்டார்டிகா மேல் ஓசோன் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 2066 ஆகும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. இந்த வாரம் குடை வரைந்து பரிசு வாங்கிய ஆறாம் வகுப்புக் குழந்தை அன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

 உங்கள் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.